மொட்டை மாடி ஸ்பீக்கருக்கு சிக்னல் எட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் மாமா மைக்செட் கடை வைத்திருந்தார். ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏணி பிடிப்பது என் வேலை. இன்றைக்கு வீட்டு விசேஷத்துக்கு யாரும் குழாய் ஸ்பீக்கர் கேட்பதில்லை. வயரில்லாத ஸ்பீக்கர் ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறந்தநாளோ, கிறிஸ்துமஸோ, ஞாயிற்றுக்கிழமை கேரமோ, பாட்டு பாதியில் திக்கியதும் எனக்கு போன் வருகிறது. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கீழே ஹாலில் கணீரென்று கேட்கிற ஸ்பீக்கர் மாடிக்குப் போனதும் ஏன் திக்குகிறது?

நடுவில் இருக்கும் தளம்தான் முதல் காரணம். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையிலும் பாதி அதில்தான். அந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதாவது ஐந்து அங்குலம். கான்கிரீட் போடும்போது கம்பியை ஆறு அங்குலம், எட்டு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறார்கள். அந்த இரும்பு வலை ஐந்து அங்குல அலையை ஓரளவு சிதறடிக்கும். அதன் பிறகு கான்கிரீட்டின் கனம், மேலே தட்டோடு, மழைக்காலமானால் அதில் ஊறிய ஈரம் வேறு. ஒரு தளம் தாண்டினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். அதற்கும் கீழே போவதுண்டு.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. அதில் கம்பி வலை கிடையாது. அந்த மாதிரி வீட்டில் சுமாரான ரவுட்டர்கூட மாடி வரை எட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய மூன்று மாடி வீட்டில் அதைவிட விலை கூடிய ரவுட்டர் இரண்டாவது மாடியோடு நின்றுவிடுகிறது. ஆகவே எதிர் வீட்டில் நன்றாக வேலை செய்கிறதே என்று அவர்கள் வைத்திருக்கும் மாடலையே வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கிவிடும். நம் மாடியில் ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி நிற்கிறது. அதற்குப் பின்னால் நிழல் பார்த்து ஸ்பீக்கரை வைத்தால், ஒரு தண்ணீர்ச் சுவருக்குப் பின்னால் வைத்த மாதிரி. மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். நீங்கள் தனியாகச் சோதித்துப் பார்த்தபோது சரியாக இருந்தது இருபது பேர் வந்ததும் திக்குவதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது, தகரம். மாடிப்படி ரூமின் இரும்புக் கதவு, தகரக் கொட்டகை, பீரோ எல்லாமே அலையைத் திருப்பி அடிக்கும். பழைய சிமென்ட் ஷீட்டுக் கொட்டகை அவ்வளவு மோசமில்லை.

பிரச்சினை புளூடூத்திலா, வைஃபையிலா, நெட்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கண்டுபிடிக்காமல்தான் பாதிப் பேர் தப்பான பொருளை வாங்குகிறார்கள்.

பாட்டு டக் டக்கென்று வெட்டுப்பட்டு, அரை நொடி விட்டு, மறுபடி தொடர்கிறதா? போனை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனதும் சரியாகிறதா? அது புளூடூத். போனுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் உள்ள தகராறு. அதில் ரவுட்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

பாட்டு நின்று, போன் திரையில் வட்டம் சுற்றி, அரை நிமிஷம் கழித்து வருகிறதா? அது நெட். மாடிக்கு ஏறியதும் போன் வீட்டு வைஃபையின் கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கும். சிக்னல் கோடு ஒன்று காட்டும், பாட்டு இறங்காது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் போட்டுப் பாருங்கள். இல்லை, பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த புகார்களில் நிறைய இந்த ஒன்றிலேயே தீர்ந்துபோயின. அந்த வீட்டுக்காரர்கள் நான் ஏதோ பெரிய வேலை செய்ததாக நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஸ்பீக்கரே வைஃபையில் நேரடியாகச் சேரும் வகை என்றால், ஸ்பீக்கர் வைக்கும் இடத்தில் போனை வைத்து அளந்து பாருங்கள். வைஃபை அளக்கும் இலவச ஆப்கள் கிடைக்கின்றன. அவை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை பாட்டுக்குக் கவலை இல்லை. மைனஸ் 75 தாண்டினால் திக்க ஆரம்பிக்கும், 80-க்கு மேல் போனால் அந்த இடத்தில் ஸ்பீக்கர் வைக்க வேண்டாம். இந்தக் கணக்கில் 3 குறைந்தால் வலு பாதியாகிவிட்டது என்று அர்த்தம், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

டப்பாவில் புளூடூத் 5 என்று போட்டிருக்கிறது. இருநூறு மீட்டர் வரை எட்டும் என்று கடைக்காரர் சொன்னாரே?

2016-இல் வந்த புளூடூத் 5-இல் நீண்ட தூர வசதி ஒன்று சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனிப் பிரிவுக்கு உரியது. வேகத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டும் வழி அது, சென்சார் மாதிரியான சாதனங்களுக்குத்தான் பொருந்தும். நம் போன் சாதாரண ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புவது இன்னும் பழைய வழியில்தான். எனவே எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

தூரத்தை முடிவு செய்வது அனுப்பும் சக்தி. புளூடூத்தில் இரண்டாம் வகுப்புச் சாதனம் 2.5 மில்லிவாட் வரை அனுப்பும், அது பத்து மீட்டர் கணக்கு. முதல் வகுப்பு 100 மில்லிவாட் வரை போகலாம், அது நூறு மீட்டர் கணக்கு. இரண்டுமே திறந்த வெளியில், நடுவில் ஒன்றும் இல்லாதபோது. பேசுகிற இரண்டு பேரில் குரல் சிறியவர் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும் தூரம்தான் மொத்தத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காசு செலவில்லாமல் இன்றைக்கே என்ன செய்யலாம்?

போனைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்பீக்கருக்கும் போனுக்கும் நடுவில் உங்கள் உடம்பு நிற்கிறது, அவ்வளவுதான். கேரம் போர்டு ஸ்டாண்டு மேல், கைப்பிடிச் சுவர் மேல், எங்காவது ஸ்பீக்கர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். தலை உயரத்துக்கு மேலே ஏற்றிவிட்டால் கூட்டத்துக்கு மேலாக சிக்னல் போகும், சத்தமும் நன்றாகப் பரவும். மாமா குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டியது அழகுக்காக இல்லை. மாடிப்படி ரூம் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினாலே போதும். தண்ணீர்த் தொட்டி நடுவில் வராத பக்கமாகப் பார்த்து மாட்டுங்கள்.

அப்புறம் ஒலியின் தரம். ஆண்ட்ராய்டு போனில் எல்டாக் என்ற உயர்தர முறை இயங்கிக்கொண்டிருந்தால், அது நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பப் பார்க்கும். பக்கத்தில் இருந்தால் இனிமை, தூரம் போனால் திக்கல். புளூடூத் அமைப்பில் அந்த ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு, உயர்தர ஒலியை அணைத்துவிடுங்கள். உடனே எஸ்பிசி அல்லது ஏஏசி என்ற எளிய முறைக்கு இறங்கும். அவற்றுக்கு மூன்றில் ஒரு பங்குதான் தேவை. மொட்டை மாடியில், கீழே தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது, இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் யாரும் இல்லை.

இன்னொன்று. லேப்டாப்பிலிருந்து பாட்டு போடுகிறவர்கள் அதில் செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். டிஸ்கில் இருக்கும் பாட்டைப் போடப் போய், அந்த டிஸ்கே பாட்டைக் கெடுப்பது இப்படித்தான்.

ரவுட்டரை எங்கே வைக்கலாம்?

நெட் கொடுக்க வருகிறவர் தனக்கு வசதியான இடத்தில் மாட்டிவிட்டுப் போவார். பெரும்பாலும் வாசல் பக்கம், டிவிக்குப் பின்னால். நம் பக்கத்து மனைகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். பதினைந்தடி முகப்பு, அறுபதடி ஆழம். ரவுட்டர் முன்னால், படிக்கட்டு பின்னால் என்றால் மாடிக்கு என்ன போகும்?

சிக்னலுக்கு மாடிக்குப் போகும் நல்ல வழி தளம் அல்ல, படிக்கட்டுதான். நாம் எப்படி ஏறுகிறோமோ அப்படியே அதுவும் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி ஏறிவிடும். காலடிப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ரவுட்டரை ஹாலிலிருந்து எடுத்து முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், ஆளுயரத்தில் மாட்டினோம். மாடியில் மைனஸ் 82 காட்டியது மைனஸ் 66-க்கு வந்தது. இழுத்தது பத்து மீட்டர் ஃபைபர் மட்டும். ஃபைபரை மூலையில் நறுக்கென்று மடக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை. நெட்காரரிடமே சொல்லி இழுக்க வையுங்கள். மாடிக் கதவு இரும்பாக இருந்தால் பாட்டு ஓடும் நேரம் அதைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஆன்டெனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குச்சி ஆன்டெனா மெதுவடை மாதிரி வட்டமாக அலையைப் பரப்பும். குச்சி நிற்கும்போது பக்கவாட்டில் நன்றாகப் போகும், நேர் மேலேயும் நேர் கீழேயும் வடையின் ஓட்டைதான். மாடிக்கு அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு குச்சியில் ஒன்றைப் படுக்க வையுங்கள். எல்லாக் குச்சிகளையும் விறைப்பாக மேலே நிறுத்தி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்லதா, 5 கிகாஹெர்ட்ஸ் நல்லதா?

தூரத்துக்கும் சுவருக்கும் 2.4. வேகத்துக்கு 5. வெளியில் வைக்கும் வைஃபை ஸ்பீக்கரை 2.4-இல் சேருங்கள், பல ஸ்பீக்கர்களுக்கு அது மட்டும்தான் தெரியும். டிவி, லேப்டாப், கீழே இருக்கும் போன்கள் எல்லாவற்றையும் 5-க்குத் தள்ளிவிடுங்கள். பாட்டுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை.

பகலில் நன்றாக இருக்கிறது, சாயந்திரம் ஏழு மணிக்கு மேல்தான் கெடுகிறது. ஏன்?

அது தெருவின் நெரிசல். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கொரு ரவுட்டர். வியாசர்பாடியில் ஒரு மாடியில் நின்று தேடியபோது நாற்பதுக்கு மேல் வைஃபை பெயர்கள் வந்தன. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. ஆப்பில் பார்த்து, மாடியில் கூட்டம் குறைவான சேனலை ரவுட்டரில் நிரந்தரமாக வையுங்கள். கீழே ஹாலில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அங்கே தெரியும் நெரிசல் வேறு, மாடியில் தெரிவது வேறு. சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 40 வைத்தால் நமக்கும் கெடும், பக்கத்து வீட்டுக்கும் கெடும்.

புளூடூத் இதைத் தானாகவே சமாளிக்கப் பார்க்கும். 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும், மோதுகிற சேனலை ஒதுக்கும். ஆனால் ஒதுங்க இடம் வேண்டுமே. வீட்டுச் சாதனங்களை 5-க்குத் தள்ளச் சொன்னதில் இந்த லாபமும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. மாடியில் விருந்து நடக்கும்போது கீழே யாராவது பிரியாணியைச் சூடு பண்ணிக்கொண்டே இருந்தால், பாட்டு திக்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துறைமுகம் பக்கத்தில்தான் இருக்கிறோம். கப்பல் ரேடார், ஹை டென்ஷன் லைன், ரயில் கம்பி, இதெல்லாம் சிக்னலைக் கெடுக்குமா?

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இதைக் கேட்காதவர் இல்லை. கப்பல் ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ் அருகிலும் 9 கிகாஹெர்ட்ஸ் அருகிலும் வேலை செய்கின்றன. நம்முடையது 2.4. வேறு வேறு தெரு. மின்சார லைன் 50 ஹெர்ட்ஸ், ரயில் மேலே ஓடும் 25 ஆயிரம் வோல்ட் கம்பியும் அதே 50 ஹெர்ட்ஸ். பழைய மீடியம் வேவ் ரேடியோவில் அந்தக் கம்பி பொறி பறப்பதெல்லாம் கரகரவென்று கேட்கும். நம் ஸ்பீக்கர் திக்குவதற்கு அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது. தொட்டியையும் தகரத்தையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

எக்ஸ்டெண்டர் வாங்கலாமா, மெஷ் வாங்கலாமா?

எக்ஸ்டெண்டர் என்பது ரவுட்டரின் சிக்னலை நடுவில் வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி. அதை வாங்கியவர்களில் பலர் சிக்னல் இல்லாத இடத்தில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். காது கேட்காதவரிடம் சேதி சொல்லி அனுப்புகிற கதைதான். சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில் அதை வைக்க வேண்டும். மாடிக்கு என்றால் மேல் மாடிப் படிக்கட்டுப் பக்கம். ஒரே அலையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் மலிவு வகையில் வேகம் பாதியாகும். பாட்டுக்கு அது போதும்.

மெஷ் என்பது இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து இதையே ஒழுங்காகச் செய்வது. ஒரே பெயரில் வீடு முழுக்க ஓடும், போன் நடக்க நடக்கப் பெட்டி மாறிக்கொள்ளும். மூன்று மாடிக்கு ஆட்கள் இருக்கும் கூட்டுக் குடும்பம் என்றால் வாங்கலாம். மாடி ஸ்பீக்கர் ஒன்றுக்காக மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன். அந்தக் காசில் கால்வாசியில் வயர் இழுத்துவிடலாம்.

எதை வாங்கினாலும் புளூடூத் ஸ்பீக்கருக்கு இவற்றால் பயன் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். போனுக்கு நெட் கிடைக்கும், அவ்வளவே.

வயரில்லா ஸ்பீக்கருக்கு வயர் இழுக்கச் சொல்வது வேடிக்கையாக இல்லையா?

வேடிக்கைதான். ஆனால் என்னைக் கேட்டால் நிரந்தரமான வழி இதுதான். வயரில்லாமல் போக வேண்டிய தூரத்தைக் கடைசி ஐந்து மீட்டருக்குக் குறைத்துவிட்டால், நான் மேலே சொன்ன முக்கால்வாசிப் பிரச்சினை இல்லாமல் போகிறது.

வைஃபை ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ரவுட்டரிலிருந்து மாடிப்படி ரூமுக்கு ஒரு கேட் 6 நெட் கேபிள் இழுத்து, அங்கே அதை வைஃபையாக மாற்றிக் கொடுக்கும் சிறிய ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை வையுங்கள். கேட் 6 நூறு மீட்டர் வரை தாங்கும், நம் வீட்டுக்கு முப்பது மீட்டர் தாராளம். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் வகை வாங்கினால் மேலே தனி பிளக் பாயின்ட்கூட வேண்டாம். வெயில் படும் இடத்தில் போகும் கேபிள் வெளிப்புற வகையாக, கறுப்பு உறை போட்டதாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளை வெளியே இழுத்தால் இரண்டு மூன்று கோடையில் உறை வெடித்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். செம்பா, அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது முலாம்.

புளூடூத்காரர்களுக்கு இன்னொரு வழி. மாடிப்படி ரூமில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் புளூடூத் ரிசீவரும் வைத்துவிட்டு, வெளியே சாதாரண வயர் ஸ்பீக்கரை மாட்டுங்கள். போன் ரிசீவரோடு பேசும், ஸ்பீக்கருக்கு வயர் போகும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு இருபது மீட்டர் தூரம் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும். போக வர நாற்பது மீட்டருக்கு வயரே தின்பது அரை ஓம்தான். மணி அடிக்கப் போடும் மெல்லிய வயரை இழுத்தால் ஒன்றரை ஓம் அதில் போய்விடும், சத்தம் மந்தமாகும்.

கோயிலிலும் சர்ச்சிலும் மசூதியிலும் தெரு முழுக்க எப்படி மெல்லிய வயரில் ஸ்பீக்கர் ஓடுகிறது என்று கேட்கலாம். அது நூறு வோல்ட் லைன். ஆம்ப்ளிஃபையர் வோல்ட்டை ஏற்றி அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இறக்கிக்கொள்ளும். வோல்ட் கூடினால் கரன்ட் குறையும், கரன்ட் குறைந்தால் வயரில் இழப்பு குறையும். ஈபிகாரர்கள் ஹை டென்ஷனில் அனுப்புவதும் இந்தக் கணக்கில்தான். மாமாவுக்கு ஓம் விதியை யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் வயரைக் கையில் பிடித்தே இது எத்தனை ஸ்பீக்கர் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

மாடியில் பிளக் பாயின்ட் போட்டால் மூடி உள்ள வகையாகப் போடுங்கள், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி வழியாக இணைப்பு வர வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது. இடி மின்னல் வந்தால் வெளியே போன கேபிளை ரவுட்டரிலிருந்து உருவிவிடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்தால் இரண்டாவது மட்டும் அறுந்து அறுந்து வருகிறதே?

பல மாடல்களில் போன் முதல் ஸ்பீக்கரோடு மட்டும்தான் பேசும். முதல் ஸ்பீக்கர்தான் இரண்டாவதுக்குக் கடத்தும். அதனால் போனை இரண்டாவதன் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் ஆட்கள் நிற்காத உயரத்தில் இருக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கரையும் வயர் ஸ்பீக்கரையும் சேர்த்துப் போடாதீர்கள். புளூடூத் கால் நொடி வரைக்கும்கூடப் பின்தங்கும், கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி எதிரொலிக்கும்.

சிக்னல் பூஸ்டர் என்று விற்கிறார்களே, அது?

போனில் ஒட்டும் ஸ்டிக்கர் பூஸ்டர் சுத்த ஏமாற்று. மொபைல் கம்பெனி சிக்னலைப் பெருக்கும் பெட்டியை அனுமதி இல்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், தெருவில் எல்லாருக்கும் போன் கெடும். அது மாடி ஸ்பீக்கருக்குச் சம்பந்தமும் இல்லை.

பெரிய ஆன்டெனா விஷயம் வேறு. 2005 மத்திய அரசு விதிப்படி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் லைசென்ஸ் இல்லாமல் ஆன்டெனா பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் வரை அனுப்பலாம். வீட்டு ரவுட்டர் அதற்கு வெகு கீழே. ஆனால் ரவுட்டர் எவ்வளவு கத்தினாலும் ஸ்பீக்கர் பதில் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் இருப்பது விரல் நகம் அளவு ஆன்டெனா. அதன் பதில் கேட்கவில்லை என்றால் ரவுட்டர் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும். ஆன்டெனா பெரிதானால் கேட்கும் திறனும் கூடும், அது லாபம். வெறும் பவரை மட்டும் ஏற்றுவதில் லாபம் இல்லை.

கடல் காற்றில் ஸ்பீக்கர் எவ்வளவு நாள் தாங்கும்?

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர்க்காரர்களுக்கு இது சிக்னலைவிடப் பெரிய தலைவலி. டப்பாவில் ஐபி67 என்று இருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பது. உப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

ஸ்பீக்கரை மாடியிலேயே விடாமல் விளையாடி முடித்ததும் கீழே கொண்டுபோவது நல்லது. ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். நிரந்தரமாக மாட்டினால் 316 வகை துருப்பிடிக்காத ஸ்க்ரூ வாங்குங்கள். சாதாரண ஸ்க்ரூ இரண்டாவது மழைக்காலத்தில் சுவரில் செம்பழுப்புக் கோடு இறக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கீழே வளைத்துப் பின் மேலே ஏற்றிச் செருகுங்கள், மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நான் திறந்து பார்த்த பெட்டிகளில் இந்த வளைவு இல்லாததெல்லாம் கால் டம்ளர் தண்ணீரோடு இருந்தன. கேபிள் வழியாகவே இறங்கியிருக்கிறது.

சிக்னல் சரியாகிவிட்டது. எத்தனை மணி வரை போடலாம்?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. தனியார் வீட்டு ஒலி, மனை எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் அமைதிப் பகுதி என்று அறிவிக்க விதியில் இடம் உண்டு. ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிகள் பக்கம் குடியிருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை வீட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தாலே பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நிம்மதி. எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வால்யூமை ஏற்றுவதுதான் சண்டையில் முடிகிறது.

இவ்வளவும் பார்த்தாயிற்று, நாளைக்கு விசேஷம், இன்னும் திக்குகிறது. என்ன செய்ய?

பாட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி ஸ்பீக்கரின் பின்னால் செருகுங்கள். பெரும்பாலான பார்ட்டி ஸ்பீக்கர்களில் அந்தத் துளை இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும், பாட்டுகள் எம்பி3 ஆக இருக்கட்டும். துளை இல்லையென்றால் ஆக்ஸ் வயர் போட்டு ஒரு பழைய போனை ஸ்பீக்கர் மேலேயே வைத்துவிடுங்கள். அதில் சிம்மை எடுத்துவிட மறக்காதீர்கள். கேக் வெட்டும் நேரத்தில் லோன் வேண்டுமா என்று கேட்டு அழைப்பு வரும்.